உப்புப் பூத்த வயல்களுக்கு உதவி

மழை ஓய்ந்து நான்கு நாள் வெயில் காய்ந்தபின் ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டை வட்டாரங்களில் சில வயல்களைச் சென்று பாருங்கள். மண்ணின்மேல் சுண்ணாம்பு தூவினாற்போல் வெண்மையாக ஒன்று படிந்திருக்கும். உழவர்கள் இதை ‘உப்புப் பூத்திருக்கிறது’ என்பார்கள். கடலை விட்டு இவ்வளவு தொலைவில், பாலாற்றங்கரையில், நெல்லும் கரும்பும் தென்னையும் விளைந்த மண்ணில் உப்புப் பூப்பானேன்? பூத்த உப்பை அகற்ற முடியுமா? அதற்கான செலவை யார் ஏற்க வேண்டும்? அரசு இதற்கு என்னென்ன உதவிகளைச் செய்கிறது?

இக்கேள்விகளுக்கு விடை காண வேதியியலும் வேண்டும், சட்டமும் வேண்டும், கொஞ்சம் கூட்டல் கழித்தல் கணக்கும் வேண்டும்.

உப்பு வந்த வழி

ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் உரித்த சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கிவிடும். அழுகாமல் இருக்க அதன்மேல் சோற்றுப்பைத் தடவி வைப்பது நெடுநாளைய வழக்கம். தோலின் எடையில் ஏறக்குறைய 40 விழுக்காடு வரை உப்பு இதற்குத் தேவைப்படுகிறது. தொழிற்சாலைக்கு வந்ததும் முதல் வேலை, தோலை நீரில் ஊறவைத்து அந்த உப்பை வெளியேற்றுவதுதான். ஆகவே முதல் தொட்டியிலிருந்து வெளிவரும் நீரே கடல் நீரை ஒத்த உப்பு நீராக இருக்கிறது.

அதன் பிறகு மயிரை நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் சேர்க்கிறார்கள். பதப்படுத்துவதற்கு முன் மீண்டும் உப்பும் கந்தக அமிலமும் சேர்க்கிறார்கள். முற்காலத்தில் ஆவாரம்பட்டை, கடுக்காய் முதலிய தாவரப் பொருள்களைக் கொண்டே தோல் பதனிடப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை மத்திய அரசு கட்டுப்படுத்தியது. முழுமை பெற்ற தோலையும் காலணிகளையும் ஏற்றுமதி செய்தால் நாட்டுக்கு வருவாய் பெருகும் என்பது இதன் நோக்கம். நோக்கம் நிறைவேறியது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வேலை கிடைத்தது. ஆனால் அதனுடன் குரோமியப் பதனீட்டு முறையும் விரைவாகப் பரவியது. இம்முறையில் தொட்டியில் இடும் குரோமிய உப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தோலில் சேராமல் கழிவு நீருடன் போய்விடுகிறது.

1 கிலோ தோலைப் பதனிட்டு முடிக்கச் சுமார் 35 லிட்டர் நீர் செலவாகிறது என்றும், குரோமிய முறையில் ஏறத்தாழ 170 வகை வேதிப்பொருள்கள் பயன்படுகின்றன என்றும் உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட ஆவணங்கள் கூறின. இந்த நீர் பல்லாண்டுகள் சுத்தம் செய்யப்படாமலே ஓடைகளிலும் ஏரிகளிலும் பாலாற்று மணலிலும் விடப்பட்டது. பாலாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மேலே நீர் ஓடுவதில்லை. மணலுக்கடியில்தான் நீர் ஊர்ந்து செல்கிறது. கரையோரத்துக் கிணறுகளும், பழைய ஊற்றுக்கால்வாய்களும் அந்த அடிநீரை நம்பியவை. எனவே ஆற்றில் விட்ட கழிவு ஓடி மறையவில்லை. உழவரின் கிணற்றுக்கே வந்து சேர்ந்தது.

ஒரு சிறு கணக்கு

‘நீரில் கொஞ்சம் உப்பு இருந்தால் என்ன?’ என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சுத்திகரித்த கழிவு நீரில் லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் வரை கரைந்த உப்புகள் இருக்கலாம் என்பது நம் நாட்டில் வகுக்கப்பட்ட வரம்பு. அதற்கும் சற்றுக் குறைவாக, லிட்டருக்கு 2 கிராம் உப்புள்ள கிணற்று நீரை எடுத்துக்கொள்வோம். ஒரு போகம் நெல்லுக்கு 100 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் பாய்ச்சுவதாக வைத்துக்கொண்டால், ஓர் ஏக்கருக்கு ஏறக்குறைய 40 இலட்சம் லிட்டர் நீர் ஆகிறது. அதில் உள்ள உப்பு 8,000 கிலோ, அதாவது 8 டன்! 50 கிலோ மூட்டையாகக் கட்டினால் 160 மூட்டை. ஒரே போகத்தில் 160 மூட்டை உப்பை வயலில் கொட்டியதற்கு இது சமம்.

பயிர் நீரைக் குடிக்கிறது, வெயில் நீரை ஆவியாக்குகிறது. உப்பைப் பயிரும் குடிப்பதில்லை, வெயிலும் கொண்டு போவதில்லை. அதில் ஒரு பகுதி வேருக்குக் கீழே இறங்கி மீண்டும் கிணற்றை அடைகிறது. அடுத்த போகத்தில் மின் மோட்டார் அதையே மேலே கொண்டு வருகிறது. எஞ்சியது மண்ணிலேயே தங்கி வெள்ளையாகப் பூக்கிறது. ஆகவே ‘வரம்புக்கு உட்பட்ட நீர்’ என்பது ‘வயலுக்கு ஏற்ற நீர்’ என்று பொருள்படாது. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மண்ணுக்கு என்ன நேர்கிறது?

உப்பால் இருவகைக் கேடு விளைகிறது. முதல் வகை உவர் நிலம். மண்ணில் நீர் இருந்தும், அதில் உப்பு மிகுந்திருப்பதால் வேர் அந்நீரை உறிஞ்ச முடிவதில்லை. தாகத்தால் தவிப்பவன் கடல் நடுவே இருப்பதைப் போன்ற நிலை இது. நல்ல மழை பெய்து வடிகாலும் இருந்தால் இந்நிலம் ஓரளவு தானே தேறிவிடும்.

இரண்டாவது வகை களர் நிலம். இது பொல்லாதது. களிமண் துகள்களின் மேற்பரப்பில் சுண்ணகம், அதாவது கால்சியம், ஒட்டிக்கொண்டிருக்கும்வரை துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து சிறு கட்டிகளாக நிற்கும். கட்டிகளின் இடையே காற்றும் நீரும் புகும். சோடியம் மிகுந்த நீர் தொடர்ந்து பாய்ந்தால், அது கால்சியத்தை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் அமர்ந்துகொள்கிறது. உடனே துகள்கள் பிரிந்து, மாவைப் போலக் கரைந்து, மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடுகின்றன. ஈரத்தில் சேறு, காய்ந்தால் கல். மழை நீரும் உள்ளே இறங்காது. வெறும் மழையால் இந்நிலம் திருந்தாது.

குரோமியத்தின் கதை வேறு. பதனீட்டில் பயன்படும் மூவிணைதிறன் குரோமியம் மண்ணில் பெரும்பாலும் கரையாமல் படிந்துவிடும். பயிர் அதைச் சிறிதளவே எடுக்கும். ஆறிணைதிறன் குரோமியமோ நீரில் எளிதில் கரைந்து நகர்வது, புற்றுநோயை உண்டாக்க வல்லது. இராணிப்பேட்டையில் குரோமேட் உப்புகளைத் தயாரித்து வந்து 1990களில் மூடப்பட்ட ஒரு தொழிற்சாலை விட்டுச் சென்ற 2 இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவுக் குவியலில் இருப்பது இந்த இரண்டாவது வகைதான். எனவே எந்த நிலத்தில் எந்த நோய் என்று அறியாமல் ஒரே மருந்தை எல்லா நிலத்துக்கும் கொடுக்க இயலாது.

அமெரிக்கச் சமவெளி கற்ற பாடம்

மண் கெட்டால் அரசு உதவ வேண்டும் என்னும் எண்ணம் எப்போது வலுப்பெற்றது? அமெரிக்காவின் பெரும்புல்வெளிகளில் புல்லை உழுதுவிட்டுக் கோதுமை விதைத்தார்கள். 1930களில் வறட்சி வந்தது. பிடித்து வைக்கப் புல்வேர் இல்லாத மண் புழுதிப் புயலாகக் கிளம்பி, 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள வாஷிங்டன் நகரத்தின் வானத்தையே மறைத்தது. மண் காப்புக்காக அல்லும் பகலும் வாதாடிய ஹியூ பென்னட் என்னும் அறிஞரின் முயற்சியால், 1935ஆம் ஆண்டு ஏப்ரலில் மண் காப்புச் சட்டம் நிறைவேறி, மண் காப்புத் துறை அமைந்தது.

1985இல் அந்நாடு இன்னொரு படி முன்னேறியது. அரிப்புக்கு ஆளாகும் நிலத்தைப் பயிரிடாமல் விட்டு, அதில் புல்லோ மரமோ வளர்க்க ஒப்புக்கொள்ளும் உழவருக்கு 10 முதல் 15 ஆண்டுகள் வரை அரசே ஆண்டுதோறும் வாடகை கொடுக்கும் திட்டம் அது. இதில் உள்ள தத்துவம் எளியது. நோயாளிக்கு மருந்து வாங்கித் தந்தால் மட்டும் போதாது. அவர் படுத்திருக்கும் நாட்களில் குடும்பம் சாப்பிடவும் வழி வேண்டும். நிலத்துக்கும் அது பொருந்தும்.

ஆனால் அந்நாட்டுக்கும் நம் பாலாற்றுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அங்கே மண்ணைக் கெடுத்தது உழவரின் சொந்தக் கலப்பை. இங்கே கெடுத்தது அடுத்தவர் விட்ட கழிவு நீர். ஆகவே இங்கே உதவி என்ற பேச்சுக்கு முன்னால் இழப்பீடு என்ற பேச்சு எழுந்தது.

நீதிமன்றம் வகுத்த வழி

வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. தோல் தொழில் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போயிற்று என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு நிலையம் நடத்திய ஆய்வு அவ்வழக்கில் எடுத்துக்காட்டப்பட்டது.

1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பு வந்தது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்ட வரலாற்றில் அது ஒரு மைல்கல். அத்தீர்ப்பு இரண்டு கோட்பாடுகளை நாட்டின் சட்டத்தின் பகுதிகளாக ஏற்றது. முதலாவது முன்னெச்சரிக்கைக் கோட்பாடு. கேடு வரும் என்று தெரிந்தால், முழு விஞ்ஞானச் சான்றுக்காகக் காத்திராமல் தடுக்க வேண்டும். இரண்டாவது, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது. பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்கும் பணம் மட்டுமன்று, கெட்ட இயற்கையைத் திருத்தும் செலவும் அதில் அடங்கும். ஐந்து மாவட்டங்களிலுள்ள தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. இழப்பைக் கணக்கிட்டு வசூலித்துக் கொடுக்க ஓர் ஆணையம் அமைக்கவும் உத்தரவாயிற்று. ‘சூழல் இழப்பு ஆணையம்’ என்று அழைக்கப்படும் அவ்வமைப்பு அதே ஆண்டு செப்டம்பரில் ஏற்பட்டது.

2001ஆம் ஆண்டு மார்ச்சில் ஆணையம் தன் முடிவை அறிவித்தது. அன்றைய வேலூர் மாவட்டத்தில் 29,000க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டவர்கள் என்று கண்டு, 1991 முதல் 1998 வரையிலான இழப்புக்காக 547 தொழிற்சாலைகள் சுமார் 27 கோடி ரூபாய் தர வேண்டும் என்றது. 27 கோடி என்பது பெரிய தொகையாகத் தோன்றும். வகுத்துப் பார்த்தால் ஆளுக்குச் சராசரியாக 9,000 ரூபாய் சொச்சம்தான். ஏழு ஆண்டுக்கு மேற்பட்ட காலத்துக்கு இத்தொகை. ஆண்டுக்குச் சுமார் 1,250 ரூபாய்! போன விளைச்சலுக்கு இது ஏதோ ஓர் ஈடு. மண்ணைத் திருத்த இதில் எதுவும் மிஞ்சாது.

வழக்கு அத்துடன் ஓயவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் இதே பாலாற்றைப் பற்றித் தீர்ப்பளித்தது. கொடுபடாமல் நிற்கும் இழப்பீட்டை அரசு கொடுத்துவிட்டுத் தொழிற்சாலைகளிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றது. ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழு அமைக்கவும் பணித்தது. இழப்பீடு கொடுத்துவிட்டதால் பொறுப்பு தீர்ந்துவிடாது, கெட்டது சீராகும்வரை மாசுபடுத்தியவரின் கடமை தொடரும் என்பதையும் அது தெளிவுபடுத்தியது.

தொட்டிக்கும் உதவி

கழிவு நீரைத் தடுக்கவும் அரசு பணம் கொடுத்தது. சிறு தொழிற்சாலைகள் தனித்தனியே சுத்திகரிப்பு நிலையம் கட்ட இயலாது. எனவே பல ஆலைகளுக்குச் சேர்த்து ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டும் திட்டம் 1991இல் தொடங்கிற்று. செலவில் 25 விழுக்காட்டை மத்திய அரசும் 25 விழுக்காட்டை மாநில அரசும் மானியமாகக் கொடுத்தன. மீதியைத் தொழிற்சாலைகள் கடனாகவும் சொந்தப் பணமாகவும் போட்டன. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு என வட்டாரமெங்கும் இத்தகைய நிலையங்கள் எழுந்தன.

நிலையத்தில் நுண்ணுயிர்கள் கழிவிலுள்ள புலால், கொழுப்பு முதலியவற்றைத் தின்று தீர்க்கின்றன. நாற்றம் குறைகிறது, நிறம் தெளிகிறது. ஆனால் எந்த நுண்ணுயிரும் சோற்றுப்பைத் தின்பதில்லை! தெளிந்த நீர் உப்பு நீராகவே வெளியேறிற்று. அதனால்தான் பின்னர், ஒரு சொட்டும் வெளியே விடாத முறை கட்டாயமாக்கப்பட்டது. மெல்லிய சவ்வுகளின் வழியே நீரை அழுத்திச் செலுத்தி நல்ல நீரைப் பிரித்து மீண்டும் ஆலைக்கே அனுப்புகிறார்கள். எஞ்சும் உப்புக் கரைசலைக் காய்ச்சி உலர்த்துகிறார்கள். கடைசியில் மிஞ்சுவது மூட்டை மூட்டையாகக் கலப்பு உப்பு. அதை வாங்குவார் இல்லை. மழையில் நனையாமல் காத்து வைக்க வேண்டும். 2015 ஜனவரியில் இராணிப்பேட்டையில் ஒரு கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து பத்துத் தொழிலாளர்கள் இறந்த துயரம், கழிவைத் தேக்கி வைப்பதும் விளையாட்டன்று என்பதைக் காட்டியது. தோலை உப்பின்றிக் குளிரூட்டிக் காப்பது, தோலில் ஒட்டிய உப்பை ஊறவைக்கு முன்பே உதறி எடுப்பது, குரோமியத்தை மீட்டுத் திரும்பப் பயன்படுத்துவது ஆகியவையே மூலத்திலேயே செய்யும் சிகிச்சை. சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இத்துறையில் நெடுங்காலமாகப் பாடுபட்டு வருகிறது.

உழவர் பெறக்கூடிய உதவிகள்

இனி வயலுக்கு வருவோம். அரசுத் திட்டங்களை மருத்துவர் சீட்டைப் போல வரிசைப்படுத்திப் பார்த்தால் அவற்றின் பயன் விளங்கும்.

முதலில் நோயறிதல். 2015இல் தொடங்கிய மண் வள அட்டைத் திட்டத்தில் 12 குணங்கள் அளக்கப்படுகின்றன. அவற்றுள் இரண்டு நமக்கு முக்கியம். மின் கடத்தும் திறன் உவரைக் காட்டும். கார அமில நிலை 8.5க்கு மேல் சென்றால் களர் என்று ஐயுற வேண்டும். ஆனால் அந்தப் பன்னிரண்டில் சோடியமும் இல்லை, குரோமியமும் இல்லை. எனவே தோல் வட்டார உழவர் அட்டையோடு நின்றுவிடாமல், மண் ஆய்வுக்கூடத்தில் இவற்றையும் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். கிணற்று நீரையும் கொடுத்துச் சோதிக்க வேண்டும்.

இரண்டாவது, மருந்து. களருக்கு மருந்து ஜிப்சம். அதிலுள்ள கால்சியம், களிமண்ணின்மேல் அமர்ந்திருக்கும் சோடியத்தை எழுப்பிவிட்டுத் தன் பழைய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. எழுந்த சோடியம் சல்பேட்டாக நீரில் கரைகிறது. நிலத்தைச் சமன்படுத்தி, வரப்புக் கட்டி, ஜிப்சம் இட்டு, நல்ல நீரைத் தேக்கிச் சேற்றுழவு செய்து, சில நாள் கழித்து நீரை வடித்துவிட வேண்டும். பின்னர்த் தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழ வேண்டும். தமிழக அரசின் 2024-25 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், பசுந்தாள் உர விதை வழங்குவதும் களர் நிலச் சீர்திருத்தமும் இடம்பெற்றன. களரைத் தாங்கும் டி.ஆர்.ஒய். 1, டி.ஆர்.ஒய். 3 என்னும் நெல் ரகங்களைத் திருச்சி வேளாண் கல்லூரி உருவாக்கியுள்ளது.

மூன்றாவது, பத்தியம். சொட்டு நீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு உழவர்களுக்கு 100 விழுக்காடும், மற்றவர்களுக்கு 75 விழுக்காடும் தமிழகத்தில் மானியம் உண்டு. சொட்டு நீர் வேரைச் சுற்றியுள்ள மண்ணை எப்போதும் ஈரமாக வைத்து உப்பை ஓரத்துக்குத் தள்ளுகிறது. நீர் குறைவதால் வந்து சேரும் உப்பும் குறைகிறது. ஆனால் ஓரத்தில் சேரும் உப்பை மழையோ நல்ல நீரோ அவ்வப்போது கழுவ வேண்டும். நெல்லுக்குத் தகாத நிலத்தில் மரம் வளர்க்க விரும்புவோருக்கு, விளைநிலப் பசுமைப் போர்வைத் திட்டத்தின் கீழ் கன்றுகள் இலவசமாகக் கொடுக்கப்பட்டு வந்துள்ளன.

நான்காவது, நல்ல நீர். மேலே சொன்ன மருந்து எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான். உப்புக் கிணற்று நீரைக் கொண்டு ஜிப்சம் இட்ட வயலைக் கழுவுவது, சேற்றுக் காலால் திண்ணையை மெழுகுவதற்கு ஒப்பாகும். வேலூர் மாவட்டத்தில் பாலாற்று வடிநிலத்தைச் சேர்ந்த நாகநதியில், ஊரக வேலை உறுதித் திட்டத்தின் வாயிலாக ஆயிரக்கணக்கான பெண்கள் சிமெண்டு உறை இறக்கிய நீர் செறிவூட்டும் கிணறுகளையும் கல் தடுப்புகளையும் அமைத்தார்கள். ஓடிப்போகும் மழை நீர் நிலத்துக்குள் இறங்கிற்று. வற்றிய கிணறுகள் பலவற்றில் நீர் ஊறிற்று. கெட்ட நிலத்தடி நீரில் மழை நீர் கலந்தால் உப்பின் செறிவும் குறையும். ஏரியைத் தூர் வாருவதும், ஆற்று மணலைக் காப்பதும் இதே வேலையைச் செய்கின்றன. மணல்தான் பாலாற்றின் நீர்த்தொட்டி. அதை அள்ளிவிட்டால் தேக்க இடமில்லை.

விடுபட்ட கண்ணி எது?

இப்போது மொத்தத்தையும் சேர்த்துப் பாருங்கள். நீதிமன்றம் இழப்பீட்டைக் கவனிக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழிற்சாலையைக் கவனிக்கிறது. வேளாண்மைத் துறை ஜிப்சம் கொடுக்கிறது. ஊரக வளர்ச்சித் துறை கிணறு வெட்டுகிறது. ஒவ்வொன்றும் நல்லதே. ஆனால் கழிவு நிற்பதற்கு முன் ஜிப்சம் வந்தால் பயனில்லை. நல்ல நீர் வருவதற்கு முன் நெல் விதை வந்தால் பயனில்லை. மருந்துகளைக் காட்டிலும் மருந்தின் வரிசை முக்கியம். கழிவை நிறுத்துதல், நல்ல நீரைச் சேர்த்தல், சோடியத்தை எழுப்புதல், உயிர்ப்பொருள் ஊட்டுதல், பயிரிடுதல் என்பதே அவ்வரிசை. இதற்குச் சில ஆண்டுகள் பிடிக்கும். அந்த ஆண்டுகளில் உழவர் குடும்பத்துக்கு வருமானம் ஏது? புல்வெளி நாட்டு ஆண்டு வாடகை முறையை நம் ஊருக்கு ஏற்றபடி மாற்றி, அதற்கான பணத்தை மாசுபடுத்தியவரிடமிருந்து பெறும் நிதியிலிருந்து கொடுப்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே அதற்கான வித்து இருக்கிறது.

நீங்களே செய்யக்கூடிய சோதனை

மாணவர்களே, களரை அறிய விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. வயலிலிருந்து சுண்டைக்காய் அளவுள்ள உலர்ந்த மண்கட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கண்ணாடித் தம்ளரில் மழை நீரை ஊற்றி, கட்டியை அலுங்காமல் உள்ளே இடுங்கள். கலக்க வேண்டாம். சில மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள். கட்டி உடைந்து விழுந்தும் நீர் தெளிவாக இருந்தால் கவலையில்லை. கட்டியைச் சுற்றிப் பால் கலந்தாற்போல் ஒரு மேகம் பரவினால், களிமண் துகள்களைச் சோடியம் பிரித்துவிட்டது என்று அறியலாம். கிணற்று நீரில் இச்சோதனையைச் செய்யாதீர்கள். அதிலுள்ள உப்பே துகள்களைச் சேர்த்துப் பிடித்து உங்களை ஏமாற்றிவிடும்.

மேகம் தெரிந்த வயலின் மண்ணையும், அதற்குப் பாயும் கிணற்றின் நீரையும் தனித்தனியே எடுத்து, நாளும் இடமும் எழுதி, அருகிலுள்ள மண் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு செல்லச் சொல்லுங்கள். மானியம் கேட்கவும், இழப்பீடு கோரவும், வைத்தியம் தொடங்கவும் அந்த ஆய்வுத் தாள் உழவர் கையில் இருக்க வேண்டும்.